பழைய லாரி ஆயிலைக் குடிக்கிறதா, ஒழுக விடுகிறதா? இன்ஜினைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

சங்ககிரிப் பக்கம் கல் குவாரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஆறு சிலிண்டர் டிப்பர் ஒன்றை வாங்கினேன். நான்கே மாதத்தில் அதன் பின்பக்க ஆயில் சீலை (கிராங்க் தண்டின் பின் முனையில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றினார்கள். இரண்டு முறையும் பத்தாவது நாள் கிளட்ச் பெட்டிக்கு அடியில் அதே கறுப்புச் சொட்டு. மூன்றாவதாகப் போன பட்டறையில், "ஃபுல் இன்ஜின் வேலை, ஒன்றே முக்கால் லட்சம்" என்று சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். கடைசியில் பெரிய பழுது இன்ஜினுக்குள்ளேயே இல்லை. எட்டாயிரத்துக்குள் வேலை முடிந்தது. எங்கே இருந்தது என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன். அதற்குள் சீலுக்கும் கூலிக்கும் பதினோராயிரம் போயிருந்தது; வண்டி நின்ற நாட்களின் வாடகை தனி.

முதல் லாரி வாங்குகிறவர்களுக்காகவும், தானே ஓட்டித் தானே பராமரிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சாதாரண டீசல் பம்ப் வைத்த பழைய இன்ஜின்களுக்குப் பொருந்தும். காமன் ரயில் (மிக அதிக அழுத்தத்தில் மின்னணு முறையில் டீசல் தெளிக்கும் புது வகை) வண்டிக்கு எது கூடாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. வாங்கும் முன்: விடிகாலையில் போங்கள், எண்ணைப் பாருங்கள்

விற்கிறவரிடம் "பத்து மணிக்கு வருகிறேன்" என்று சொன்னால், ஒன்பது மணிக்கே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருப்பார். தேய்ந்த இன்ஜினின் உண்மை முகம் இரவு முழுக்க ஆறிய பிறகு வரும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். சாவி போடும் முன் சைலன்சர் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வீடு திரும்பி மறுநாள் வாருங்கள்.

இன்ஜின் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தால் மகிழ வேண்டாம். ஒழுகல் தெரியாமலிருக்கக் கழுவுவது பழைய வித்தை. தடித்த ஆயிலை ஊற்றிப் புகையையும் சத்தத்தையும் சில நாட்களுக்கு அடக்கி வைப்பது இன்னொரு வித்தை.

தாள்களில் முக்கியமானது ஒன்று: பிளாக்கில் (இன்ஜினின் உடலில்) அச்சடித்திருக்கும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். உடைப்புக் கடையிலிருந்து வாங்கிய இன்ஜினைப் பொருத்திவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை மாற்றாமல் ஓட்டிய வண்டிகள் நிறைய உண்டு. விபத்து இழப்பீட்டிலும் எஃப்.சி.யிலும் (வண்டித் தகுதிச் சான்று) அது உங்கள் தலையில்தான் விழும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, படிவம் 30. ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35-உம் கடன் தீர்ந்த கடிதமும் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வண்டி உங்கள் பெயருக்கு வந்த 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு எஃப்.சி. ஆண்டுக்கு ஒருமுறை என்பதால், அந்தத் தேதிக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதையும் விலையில் கணக்குப் பாருங்கள்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

"ஆயில் நிறையக் குடிக்கிறது" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் ஒன்றும் செய்ய முடியாது. "ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் லிட்டர்" என்று சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் கம்பியின் மேல் கோடு வரை நிரப்புங்கள். கிலோமீட்டரை எழுதுங்கள். அதன்பிறகு எப்போது ஊற்றினாலும் அளவு போட்ட குவளையால் ஊற்றி, எழுதி வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், அதே இடத்தில், அதே நேரத்தில், அதே கோடு வரை நிரப்பிக் கூட்டிப் பாருங்கள்.

எவ்வளவு போனால் சரி? எரிந்த டீசலில் அரை சதவீதத்துக்குள் இருந்தால் பழைய இன்ஜினுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல் எரிக்கும். அதில் அரை சதவீதம் ஒன்றே கால் லிட்டர். என் டிப்பர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இப்போது ஒழுகலையும் கணக்கிடுங்கள். சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி. இன்ஜின் ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 360 சொட்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரியில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட 25 மணி நேரம் ஆகும். அதற்குள் விழுவது 9,000 சொட்டு, அதாவது 450 மில்லி. வண்டிக்கு அடியில் பார்த்தால் எண்ணெய்ச் செக்கு மாதிரி இருக்கும், ஆனால் அளவு அரை லிட்டர்கூட இல்லை. என் கணக்கில் இடித்தது இதுதான். ஒழுகுவது அரை லிட்டர். மீதி இரண்டே கால் லிட்டர் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை முதல் பட்டறையிலேயே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆயில் அளவு குறையாமல் ஏறினால் அதற்கு மகிழ்ச்சி அடைய வேண்டாம். டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அர்த்தம். வண்டியை உடனே நிறுத்துங்கள்.

3. கழுவுங்கள், பவுடர் தூவுங்கள், பிறகு பாருங்கள்

லாரி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். அதன் எடையே அதைக் கீழே இழுக்கும். ஆகவே சொட்டு விழும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரத்தில் மிக மேலேயும் மிக முன்னாலும் இருக்கும் இடம்தான் மூலம். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் விட்டுப்போய், ஆயில் பிளாக்கின் பின்புறமாக வழிந்து, கிளட்ச் பெட்டிக்கு அடியில் சொட்டுவதைப் பார்த்து, "பின் சீல் போச்சு" என்று கியர் பாக்ஸை இறக்குகிறவர்கள் உண்டு.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சூடான டீசல் பம்ப்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை அடிக்கவே கூடாது, பம்ப் பிடித்துக்கொள்ளும். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். காய்ந்ததும் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் தூவுங்கள். டேப்பட் கவர் விளிம்பு, ஆயில் கூலர், ஃபில்டர் பிடிக்கும் இடம், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய், முன் கிராங்க் சீல், ஆயில் சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விளிம்பு, வடிகால் போல்ட் ஆகியவை போதும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணாடி மாதிரி தெரியும்.

கிளட்ச் பெட்டிக்கு அடியில் சொட்டுவது எந்த ஆயில் என்பதையும் முகர்ந்து பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுப்பாக, கருகிய வாடையுடன் இருக்கும். கியர் ஆயில் தடிப்பாக, கந்தக வாடையுடன் இருக்கும். நாமக்கல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அழுகிய முட்டை வாடைதான். அது வந்தால் பழுது கியர் பாக்ஸின் முன் சீலில்.

4. புகையின் நிறத்தோடு அது வரும் நேரத்தையும் பாருங்கள்

நீலப் புகை ஆயில், கறுப்புப் புகை டீசல் கூடியது அல்லது காற்று குறைந்தது, வெள்ளைப் புகை எரியாத டீசல் அல்லது தண்ணீர். இது எல்லோருக்கும் தெரியும். பலர் விடுவது, அந்தப் புகை எப்போது வருகிறது என்பதை.

காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாக வந்து, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால், வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியாக இரவில் இறங்கிய ஆயில் எரிகிறது. பாரத்தோடு மேடு ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) லைனரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு குப்பென்று நீலம் வந்தால் மறுபடி வால்வு கைடு.

இதற்கு நம் பக்கத்தில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். சாதாரணப் பாரத்துடன் ஒரு முறை போய் வந்தால் இரண்டும் தெரிந்துவிடும். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லி செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் புகையைத் தேடாதீர்கள்; அந்த இறக்கத்தில் அது ஆபத்து.

டர்போ உள்ள வண்டியில் நீலப் புகையை ரிங்கின் மேல் போடும் முன், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் டர்போவைச் சந்தேகியுங்கள்.

5. பேக் கம்ப்ரஷன்: நான் ஏமாந்த இடம்

சிலிண்டரில் வெடிக்கும் காற்றில் ஒரு பகுதி ரிங்கைத் தாண்டி ஆயில் சேம்பருக்குள் இறங்குவதைத்தான் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். கொஞ்சம் எல்லா இன்ஜினிலும் உண்டு. அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். இறங்கும் காற்று கூடினாலோ பிரீதர் அடைத்தாலோ, சேம்பருக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியாக ஆயிலைப் பிதுக்கும். அப்போது எத்தனை புது சீல் போட்டாலும் அது பத்து நாள்தான். என் பதினோராயிரம் போனது இந்த வழியில்.

ஆகவே எந்த சீலைத் தொடும் முன்பும் இதைச் செய்யுங்கள். முதலில் பிரீதர் குழாயைக் கழற்றி ஒரு முனையில் ஊதுங்கள், மறுமுனையில் தாராளமாகக் காற்று வர வேண்டும். சில மாதம் நின்ற வண்டியில் குளவி மண் கூடு கட்டியிருக்கும். அதைத் தட்டி எடுத்ததோடு ஒழுகல் நின்றுவிட்டால், ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அடைப்பு இல்லை என்றால், இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன் இருக்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் இதோடு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "ரிங் போச்சு, இன்ஜினைத் திற."

நாமக்கல்லில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டியபோது அவர் துள்ளும் மூடியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என் நோட்டைப் புரட்டினார். பிறகு, "பிரேக் கம்ப்ரஸரை யாராவது பார்த்தார்களா கண்ணு?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

லாரி பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரும் இன்ஜின் ஆயிலில்தான் ஓடுகிறது. அதன் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே திரும்பி இறங்குகிறது. அதன் ரிங் தேய்ந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஆயில் மேலே ஏறி ஏர் டேங்குக்குப் போகும். காற்று கீழே இறங்கி இன்ஜின் சேம்பருக்குள் புகும். அதாவது இன்ஜின் ரிங் நன்றாக இருந்தாலும், மூடி துள்ளும், சீல் ஒழுகும், ஆயில் குறையும், நீலப் புகை மட்டும் வராது. என் வண்டிக்கு நீலப் புகை கிட்டத்தட்ட இல்லை. அதை மூன்று பட்டறையிலும் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

சோதனை எளிது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்து காற்றை முழுக்க விடுங்கள். தண்ணீரோடு கறுப்பான கூழ் போல ஆயில் வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வால்வை மூடி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து லிட்டர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பிரீதர் குழாயின் வாயில் கையால் பிடித்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும், கட்டி விட்டுவிடக் கூடாது. கம்ப்ரஸர் காற்று ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை; டேங்க் நிரம்பி, "புஸ்" என்று அன்லோடர் (டேங்க் நிரம்பியதும் காற்று ஏற்றுவதை நிறுத்தும் வால்வு) விட்ட பிறகு ஒரு முறை. இரண்டு தடவையும் அதே ஐடிலிங் வேகம் இருக்க வேண்டும்.

என் வண்டியில் முதல் முறை ஒன்பது விநாடி, இரண்டாவது முறை இருபத்திரண்டு விநாடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்ப்ரஸர் நிரபராதி, காற்று இன்ஜின் ரிங்கிலிருந்துதான் வருகிறது. இப்படி வித்தியாசம் இருந்தால் முதலில் கம்ப்ரஸரைப் பாருங்கள். ரிங், வால்வு பிளேட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 7,600 ரூபாய் ஆனது, ஒரே நாள் வேலை. இரண்டாவதாகப் போட்ட சீலே இன்றும் அங்கே இருக்கிறது. ஒழுகல் நின்றுவிட்டது.

6. ஆயிலுக்குள் என்ன கிடக்கிறது

ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை அப்படியே டிரம்மில் கொட்டிவிடாதீர்கள். வடிகால் போல்ட்டைத் துணியில் துடைத்து, காந்தத்தை ஆயிலுக்குள் விட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: ரிங், லைனர், கேம். ஃபில்டரைத் திறந்து உள்ளே இருக்கும் தாளைக் கத்தியால் அறுத்தெடுத்து, டீசலில் அலசி, வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள் பேரிங்கிலிருந்தோ புஷ்ஷிலிருந்தோ வருகிறது. அது வந்தால் தள்ளிப்போட வேண்டாம். டப்பா ஃபில்டரை ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அந்த அறுத்த தூளே உள்ளே விழுந்து பயமுறுத்தும், கவனம்.

ஆயில் மூடிக்கடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர். ஒரு சொட்டு ஆயிலைச் செய்தித்தாளில் விட்டால், கறுப்பு வட்டத்தைச் சுற்றி மெல்லிய ஈர வட்டம் வேகமாகப் பரவுவது டீசல் கலப்புக்கு அடையாளம். வாடையும் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் ஆயில் டீலரிடம் கேட்டால் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பும் வழி சொல்வார். சூடாக வடியும்போது, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். வண்டி ஓடிய கிலோமீட்டரும் அந்த ஆயில் ஓடிய கிலோமீட்டரும் ஒட்டியிருக்க வேண்டும். அறிக்கையில் இரும்பும் சிலிக்கனும் சேர்ந்து ஏறியிருந்தால் தூசி உள்ளே போகிறது. ஈயமும் செம்பும் ஏறினால் பேரிங்.

குவாரியிலும் எம்-சாண்ட் கிரஷரிலும் ஓடிய வண்டியில் தூசியை முதலில் சந்தேகியுங்கள். ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் துடையுங்கள். விரலில் மண் ஒட்டினால், குழாய் வெடித்திருக்கிறது அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ரிங் போட்டால் அதையும் தூசி சில மாதத்தில் தின்றுவிடும்.

7. ஆயில் பிரஷரும் சத்தமும்

டேஷ்போர்டு மீட்டரை நம்பாதீர்கள். சென்சரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் தனி மீட்டரை மாட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நன்கு சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு கிலோவும் (சதுர சென்டிமீட்டருக்கு), 2,000 சுற்றில் மூன்று, நான்கு கிலோவும் காட்டினால் கீழ்ப்பாகம் பொதுவாக நன்றாக இருக்கிறது. துல்லியமான அளவு உங்கள் இன்ஜின் கையேட்டில் இருக்கும். குளிரில் எந்த ஓட்டை இன்ஜினும் நல்ல பிரஷர்தான் காட்டும்.

அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று வந்தால் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் (சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் பாகம்) குழாயின் நட்டையும் சற்றே தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் அடங்கினால் பழுது அந்த சிலிண்டரில். தளர்த்தியும் இன்ஜின் வேகம் குறையவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போடுங்கள். காமன் ரயில் இன்ஜினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

8. கம்ப்ரஷன் டெஸ்ட்

ஆறு நாசிலையும் கழற்றி, டீசலை நிறுத்தி, சூடான இன்ஜினில், நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும். அரை நாள் வேலை, எனக்கு 2,000 ரூபாய் ஆனது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐந்து சிலிண்டர் ஒரே அளவிலும் ஒன்று மட்டும் நான்கைந்து கிலோ குறைவாகவும் இருந்தால் அந்த ஒன்றில் பழுது. ஆறும் சமமாகக் குறைந்திருந்தால் மொத்தத் தேய்மானம், அல்லது பேட்டரி சோர்ந்திருக்கிறது. பேட்டரியை மாற்றி இன்னொரு முறை பாருங்கள்.

குறைந்த சிலிண்டரில் ஆயில் ஊற்றிப் பார்ப்பது பெட்ரோல் இன்ஜின் பழக்கம். டீசலில் பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு. கொஞ்சம் ஆயிலே அளவை ஏற்றிக் காட்டி ஏமாற்றும், கூடினால் கனெக்டிங் ராடையே வளைக்கும். அதற்குப் பதிலாக, பிஸ்டனை மேலே நிறுத்தி, கியரில் போட்டு, நாசில் துளை வழியாகக் காற்று விடச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங் அல்லது ஹெட்டில் விரிசல்.

9. ஹாஃபா, ஃபுல்லா?

ஹாஃப் வேலை என்றால் இன்ஜின் சேஸியிலேயே இருக்கும். ஹெட்டையும் சேம்பரையும் கழற்றி ரிங், பிஸ்டன், லைனர், பேரிங் மாற்றுவார்கள். ஃபுல் என்றால் இன்ஜினை இறக்கி, பிளாக்கும் கிராங்க்கும் லேத் பட்டறைக்குப் போகும். ஆயில் பிரஷர் நன்றாக இருந்து, ஃபில்டரில் செம்புத் துகள் இல்லாமல், ரிங் மட்டும் போயிருந்தால் ஃபுல் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். 2023இல் எனக்குச் சொன்ன விலை, ஹாஃபுக்கு அறுபதிலிருந்து எண்பதாயிரம், ஐந்தாறு நாள். ஃபுல்லுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல், மூன்று வாரம். டீசல் பம்ப், நாசில் வேலை இதில் சேராது. சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டிய தாள்கள்: உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. பில், லேத் பட்டறையின் அளவுச் சீட்டு, கூலி ரசீது. கிராங்க்கை எத்தனை அரைத்தார்கள் என்பது அளவுச் சீட்டில் இருக்க வேண்டும். பத்து, இருபது, முப்பது, நாற்பது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று படிப்படியாகத்தான் அரைக்க முடியும். நாற்பதுக்கு வந்த கிராங்க்கை அடுத்த முறை பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். வண்டியை விற்கும்போது அந்தச் சீட்டு உங்களுக்கு விலை பேசும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பிளாக்கையே மாற்றினால் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகே சாலையில் இறக்குங்கள். உடைப்புக் கடை இன்ஜினுக்கு பில் இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது வண்டியை விடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய பத்து நாட்களில் மட்டும் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். பட்டறைகளில் சுத்தம் செய்வதும் வெள்ளையடிப்பதும் ஊருக்குப் போவதுமாக இருப்பார்கள். திறந்த பிளாக் சாக்குப் போட்டு மூடி, சந்தனப் பொட்டு வைத்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.